மாற்று இடுப்பின் ஆயுள்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இந்த மேடையில் கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் கற்றறிந்தோர் பேச நாம் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கும் நான், மருத்துவர்கள் பேசவேண்டிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உங்கள் முன் நிற்பது துணிச்சலாகவே தோன்றும். ஆயினும் அதற்குக் காரணங்கள் இரண்டு உண்டு. என் இடப்பக்க இடுப்பில் இப்போது இருப்பது இறைவன் தந்த மூட்டு அன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன், என் நாற்பத்திரண்டாம் வயதில், மருத்துவர் பொருத்திய மூட்டு. இது முதற்காரணம். சென்ற மாதம் நம் காலனியைச் சேர்ந்த ஓர் அம்மையார் என்னிடம் கேட்ட கேள்வி இரண்டாவது காரணம்.

“அண்ணா, என் பிள்ளைக்கு இருபத்தெட்டு வயதுதான் ஆகிறது. இடுப்பை மாற்றவேண்டும் என்கிறார்கள். மாற்றினால் அது எத்தனை காலம் நிற்கும்? நடுவயதில் மறுபடியும் படுக்கையில் விழுந்துவிடுவானோ?” என்று அவர் கண்கலங்கக் கேட்டார். அன்று நான் ஏதோ ஆறுதல் கூறி அனுப்பிவிட்டேன். ஆறுதல் வேறு, விடை வேறு. அன்று சொல்லாத விடையை இன்று சொல்ல முயல்கின்றேன்.

முதலில் மூட்டின் அமைப்பைச் சற்றுக் காண்போம். தொடை எலும்பின் மேல்நுனி பந்து போன்றது. அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் அமர்ந்து சுழல்கிறது. இரண்டிற்கும் இடையே வழவழப்பான குருத்தெலும்பு உண்டு. முதுமையில் அது தேய்ந்து நோவு உண்டாவதை நாம் அறிவோம். இளவயதினர்க்கோ காரணங்கள் வேறு. முடக்குவாதம், முதுகெலும்பை இறுகச் செய்யும் வாதம், பிறவியிலேயே குழி ஆழமாக அமையாமை, விபத்தில் தொடை எலும்பின் கழுத்து முறிதல் ஆகியவை சில. பந்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு மடிந்துபோவது மற்றொன்று. நம் நாட்டில் இளைஞர்களின் இடுப்பைக் கெடுப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. மிகுந்த மதுவும், ஸ்டீராய்டு மருந்துகளை அளவுக்கு மீறிக் கொள்வதும் இதனை வருவிக்கும். கோவிட் நோய்க்கு ஸ்டீராய்டு பெற்றுப் பிழைத்தவர் சிலர்க்கு இந்நோய் தோன்றியதை 2021ஆம் ஆண்டில் மும்பை மருத்துவர்கள் எடுத்துரைத்தனர்.

எனக்கு வந்ததும் இந்நோயே. ஓராண்டுக் காலம் வாயுப் பிடிப்பென்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பந்து அமிழ்ந்து உருக்குலைவதற்கு முன் கண்டறிந்தால், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்துச் சிலரது மூட்டைக் காக்க இயலும். நான் காலம் தாழ்த்தியதால் அந்த வழி எனக்கு அடைபட்டது. தொடையிடுக்கில் நீங்காத நோவுள்ள இளைஞர்கள் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

நிற்க. பந்து கெட்டுவிட்டால் செய்வதென்ன? அதனை அறுத்தெடுத்து, தொடை எலும்பின் உட்குழலில் ஓர் உலோகத் தண்டைச் செருகி, அதன் தலையில் புதிய பந்தைப் பொருத்துவர். இடுப்பெலும்பின் குழியில் புதிய கிண்ணத்தைப் பதிப்பர். எழுபது வயதுக் கிழவர்க்கும் இருபத்தெட்டு வயது இளைஞர்க்கும் அறுவை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கிழவர்க்கு அம்மூட்டு பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்தால் போதும். இளைஞர்க்கோ ஐம்பது ஆண்டுகள் உழைக்கவேண்டும். மேலும், ஒரு மனிதர் ஆண்டொன்றுக்கு ஒவ்வொரு காலாலும் சுமார் 10 லட்சம் அடிகள் எடுத்து வைக்கிறார் என்று கணக்கிட்டுள்ளனர். ஓடியாடி உழைப்பவர்க்கு இது இன்னும் மிகும். மூட்டைத் தேய்ப்பது ஆண்டுக் கணக்கைவிட அடிக் கணக்கே. ஆதலின் இளைஞர் இடுப்பில் பொருத்திய மூட்டு, அதிகக் காலமும் உழைக்கவேண்டும், அக்காலத்தில் அதிகமாகவும் உழைக்கவேண்டும்.

இந்தச் சோதனையில் எந்த முறை எப்படித் தேறியது என்பதே நம் கேள்வி.

இன்றைய முறைக்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர். அவர் முதலில் கிண்ணத்தை டெப்லான் என்னும் வழவழப்பான பொருளால் செய்தார். ஏறத்தாழ 300 பேர்க்குப் பொருத்தினார். நோயாளிகள் வலியின்றி எழுந்து நடந்தனர், எல்லோரும் வியந்தனர். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அக்கிண்ணங்கள் தேய்ந்து, அந்தத் துகள்கள் சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் கெடுத்தன. அவர் தம் தொடையிலேயே டெப்லான் துணுக்கைப் புதைத்து அதன் தீங்கைச் சோதித்தார் என்பதை அறியும்போது அவர்பால் மதிப்பு உயர்கிறது.

அப்போது துணித்தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட அடர்த்தி மிக்க பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கை ஒரு விற்பனையாளர் கொண்டுவந்தார். சார்ன்லி அதனை நகத்தால் கீறிப் பார்த்து வேண்டாமென்று ஒதுக்கினாராம். அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன் என்பவர், சார்ன்லி வெளியூர் சென்றிருந்தபோது, அதனைப் பொறியில் இட்டு நாட்கணக்கில் தேய்த்துப் பார்த்தார். அது தேயவே மறுத்தது. 1962 நவம்பரில் அப்பொருளாலான கிண்ணம் முதன்முதல் மனிதர்க்குப் பொருத்தப்பட்டது. தண்டையும் கிண்ணத்தையும் எலும்போடு பிணைக்க, பல் மருத்துவத்தில் வழங்கிய அக்ரிலிக்கைச் சிமெண்டுபோல் பயன்படுத்தினார். முதல் முறையாகிய சிமெண்டு முறை இதுவே.

சார்ன்லியே இதனை இளைஞர்க்குச் செய்யத் தயங்கினார். அத்தயக்கம் சரியே என்பதுபோல், 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், 30 வயதுக்குக் குறைந்தோர்க்குப் பொருத்திய மூட்டுக்களில் பாதிக்கு மேற்பட்டவை ஐந்தாண்டுகளிலேயே தளர்ந்திருந்தன, அல்லது தளரும் அறிகுறி காட்டின. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து மருத்துவர்கள், 50 வயதுக்குக் குறைந்த 69 பேர்க்குச் சார்ன்லி முறையில் பொருத்திய 93 மூட்டுக்களை 20 முதல் 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 1998இல் எழுதினர். அவற்றுள் பத்தில் மூன்றளவே மாற்றப்பட்டிருந்தன. தண்டு தளர்ந்தது சொற்பம். கிண்ணம் தளர்ந்ததே மிகுதி. ஒரே முறை, ஒரு கையில் தோற்றது. மற்றொரு கையில் நின்றது. யார் பொருத்தினார், எவ்வளவு பழகிய கை என்பதும் மூட்டின் ஆயுளில் சேர்ந்ததே என்று இதிலிருந்து அறிகிறோம்.

இளைஞர்க்கு மூட்டு தளர்வதற்குச் சிமெண்டே காரணம் என்று 1980களில் பலர் நம்பி, “சிமெண்டு நோய்” என்று பெயரும் சூட்டினர். எலும்பு தானே வளர்ந்து பற்றிக்கொள்ளும்படி நுண்துளைகள் கொண்ட உலோகப் பரப்பை அமைத்துச் சிமெண்டு இல்லாமலே பொருத்தினர். இது இரண்டாம் முறை. தண்டைப் பொறுத்தவரை இது பெருவெற்றி எனலாம். பின்லாந்து நாட்டுப் பதிவேட்டை ஆராய்ந்தபோது, 55 வயதுக்குக் குறைந்தோர்க்குப் பொருத்திய தேர்ந்த தண்டுகளில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவை பத்தாண்டு கடந்தும் நின்றன. கிண்ணத்திலோ பழைய குறை தொடர்ந்தது. சிமெண்டு நீங்கிய பின்னும் எலும்பு கரைந்தது. உண்மைக் குற்றவாளி பிளாஸ்டிக்கிலிருந்து உதிர்ந்த கண்ணுக்குத் தெரியாத துகளே என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. பல ஆண்டுகள் குற்றமற்ற சிமெண்டின்மேல் பெரும்பழி சுமத்தியிருந்தார்கள்!

பிளாஸ்டிக் துகள்தான் பகையென்றால் பிளாஸ்டிக்கையே ஒழித்துவிடலாம் அன்றோ? இந்த எண்ணத்தில் பிறந்தவை கடினப் பரப்பின்மேல் கடினப் பரப்பு உராயும் மூட்டுக்கள். பிரான்சு நாட்டு மருத்துவர் பியர் பூத்தேன் 1970இலேயே பீங்கான் இனத்ததாகிய செராமிக்கால் பந்தும் கிண்ணமும் பொருத்தியவர். இதன் தேய்மானம் மிகக் குறைவு. தொடக்கத்தில் சில உடைந்தன. சில நடக்கும்போது ஒலித்தன. பிற்காலச் செராமிக் உடைவது மிக அரிது.

மற்றொரு கிளை உலோகத்தின்மேல் உலோகம். பந்தை வெட்டி எறியாமல் அதன்மேல் உலோகத் தொப்பியைக் கவிழ்க்கும் முறையைப் பர்மிங்காம் நகர மருத்துவர் டெரெக் மெக்மின் வகுத்து, 1997 முதல் பரப்பினார். எலும்பு மிஞ்சும், இளைஞர் விளையாடலாம் என்று இதற்குப் பெரும் வரவேற்பு இருந்தது. பருத்த எலும்புடைய இளம் ஆண்களில் இது நன்றாகவே நின்றது. பெண்களிடத்தும் சிறிய அளவு மூட்டுக்களிலும் தோல்வி மிகுதியாகையால், 2015இல் அவ்வகையினர்க்கு அதனைத் தருவதை உற்பத்தியாளர் நிறுத்திவிட்டனர்.

இதே இனத்தில் பிறந்து பேரழிவு விளைத்தது டிப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்னும் மூட்டு. உராய்வில் எழுந்த கோபால்ட், குரோமியம் ஆகியவற்றின் துகள்கள் சுற்றியுள்ள தசையை அழித்தன. உலகெங்கும் ஏறத்தாழ 93,000 பேர்க்குப் பொருத்தப்பட்ட பின், 2010 ஆகஸ்டில் அது திரும்பப் பெறப்பட்டது.

இங்கு நான் என் தொழிலைப் பற்றி ஒரு சொல் சொல்ல அனுமதிக்கவேண்டும். ரயில்வேயில் ஒவ்வொரு சக்கர அச்சுக்கும் ஓர் எண் உண்டு. எந்தப் பட்டறையில் எப்போது பொருத்தப்பட்டது என்பது அச்சின் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும், ஏட்டிலும் இருக்கும். ஒரு தொகுதி அச்சுக்களில் குறை கண்டால், அத்தொகுதியைச் சேர்ந்தவை எந்த வண்டிகளின் கீழ் ஓடுகின்றன என்று தேடிப் பிடிக்கலாம். அந்த ஏட்டை எழுதும் குமாஸ்தாவை யாரும் மதிப்பதில்லை. ஆனால் விபத்தைத் தடுப்பவர்களில் அவனும் ஒருவன்.

மனித இடுப்புக்கும் இத்தகைய ஏட்டைச் சுவீடன் நாடு 1979இல் தொடங்கிற்று. பின்லாந்து 1980இலும், நார்வே 1987இலும், ஆஸ்திரேலியா 1999இலும், இங்கிலாந்தும் வேல்சும் 2003இலும் தொடர்ந்தன. பொருத்தும் ஒவ்வொரு மூட்டையும், மாற்றும் ஒவ்வொரு மூட்டையும் அவற்றில் பதிவர். ஏ.எஸ்.ஆர். மூட்டின் குறையை ஆஸ்திரேலியப் பதிவேடு முன்னதாகவே காட்டிக்கொடுத்தது. அந்நாட்டில் அதன் விற்பனை 2009லேயே நின்றது.

நம் நாட்டில் என்ன நடந்தது? சுமார் 4,700 அறுவைகளில் அம்மூட்டு பொருத்தப்பட்டிருந்தது. மத்திய அரசு அமைத்த குழு ஆராய்ந்து, 2018இல் இழப்பீட்டு முறையும் வகுக்கப்பட்டது. 30 லட்சம் ரூபாய் முதல் 1 கோடியே 23 லட்சம் வரை என்றும் அறிவித்தனர். ஆனால் உரியவர்கள் யார் யார், எங்கே இருக்கிறார்கள் என்று தேடியபோது ஆயிரத்துச் சொச்சம் பேரின் தகவலே அகப்பட்டது. எஞ்சியோர் தம் இடுப்பில் இருப்பது இன்னதென்று அறியாமலே எங்கோ நொண்டிக்கொண்டிருந்திருப்பர். ஒரு வாகன் சக்கரத்துக்கு உள்ள பேரேடு ஒரு மனிதனின் இடுப்புக்கு இல்லாமற் போயிற்றே என்று எண்ணி அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நம் நாட்டு மூட்டு மருத்துவர்களும் ஒரு பதிவேட்டைத் தொடங்கி நடத்திவருகின்றனர். விருப்பமுள்ளோர் மட்டுமே அதில் பதிவதால் அது முழுமையான கணக்காகாது.

நிற்க. பிளாஸ்டிக்கை ஒழிக்க முயன்றோர் ஒரு பக்கம் இருக்க, அதனைத் திருத்த முயன்றோர் மற்றொரு பக்கம் உழைத்தனர். கதிர்வீச்சால் பாலிஎதிலீனின் இழைகளை ஒன்றோடொன்று பின்னச் செய்தால் அதன் தேய்மானம் பெரிதும் குறைகிறது. 1990களின் இறுதியில் வழக்குக்கு வந்த இந்தப் பின்னல் பிளாஸ்டிக்கின் பயனை ஆஸ்திரேலியப் பதிவேடு 2018இல் காட்டிற்று. 16 ஆண்டுகளில் பழைய பிளாஸ்டிக் மூட்டுக்கள் நூற்றுக்கு 11.7 மாற்றப்பட்டிருக்க, புதிய பிளாஸ்டிக் மூட்டுக்கள் நூற்றுக்கு 6.2 மட்டுமே மாற்றப்பட்டிருந்தன. ஆரவாரமின்றி வந்த இந்தத் திருத்தம்தான் இளைஞர்க்குப் பேருதவியாயிற்று. சிமெண்டில்லாத தண்டு, செராமிக் பந்து, பின்னல் பிளாஸ்டிக் கிண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்த மூட்டே என் இடுப்பிலும் இருக்கிறது.

இனி அந்த அம்மையாரின் கேள்விக்கு வருவோம். எத்தனை காலம் நிற்கும்?

2019இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வந்த கணக்கின்படி, எல்லா வயதினரையும் சேர்த்து, பதிவேடுகளில் உள்ள மூட்டுக்களில் நூற்றுக்கு 58 அளவு 25 ஆண்டுகள் நின்றன. அதே இதழில் 2017இல் வந்த பிரிட்டானிய ஆய்வு வயதுவாரியாகக் கூறுகிறது. 70 வயதுக்கு மேல் மூட்டை மாற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 5 பேர்க்கே வாழ்நாளில் மறு அறுவை வேண்டியிருக்கும். 50க்கும் 54க்கும் இடைப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 20 பேர்க்கும், ஆண்களில் நூற்றுக்கு 35 பேர்க்கும் வேண்டியிருக்கும். இருபத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இதனினும் மிகுதி என்பதை நான் மறைக்கக்கூடாது. இரண்டாம் அறுவை முதல் அறுவையைவிடக் கடினமானது, எலும்பு குறைந்திருக்கும், பொருத்திய மூட்டின் ஆயுளும் பெரும்பாலும் குறையும்.

ஆனால் இக்கணக்குகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கலாகாது. 25 ஆண்டுக் கணக்கு என்பது 25 ஆண்டுகளுக்கு முன் பொருத்திய மூட்டின் கணக்கு. அவற்றுள் பல பழைய பிளாஸ்டிக்கால் ஆனவை. இன்று பொருத்தும் மூட்டு அவற்றினும் நெடுநாள் நிற்கும் என்று நம்ப இடமுண்டு. அந்த நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. டெப்லானும் ஏ.எஸ்.ஆரும் முதலாண்டில் எல்லோரையும் மகிழ்வித்தவையே. புதியதெல்லாம் சிறந்ததென்று ஓடவும் கூடாது. பழையதே போதுமென்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. பத்தாண்டுக்குக் குறையாத பதிவுள்ள மூட்டையே கேளுங்கள். பத்தாண்டில் நூற்றுக்கு 5க்கு மேல் மாற்றவேண்டி வராத மூட்டையே பொருத்தவேண்டும் என்று இங்கிலாந்தின் மருத்துவ அமைப்பு 2014இல் அளவு வகுத்தது. அதே அளவை நாமும் கைக்கொள்ளலாம்.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கத் தயங்காதீர்கள். இந்த மூட்டின் பெயர் என்ன? இதன் பத்தாண்டுக் கணக்கு என்ன? தாங்கள் ஆண்டுக்கு எத்தனை இடுப்பு அறுவை செய்கிறீர்கள்? நல்ல மருத்துவர் இவற்றுக்குச் சினங்கொள்ளமாட்டார். அறுவைக்குப் பின், மூட்டுப் பெட்டியின்மேல் இருந்த ஒட்டுச்சீட்டுக்களைக் கேட்டு வாங்குங்கள். தண்டு, பந்து, கிண்ணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு உண்டு. உற்பத்தியாளர் பெயரும் எண்ணும் அதில் இருக்கும். எனக்கு வீடு திரும்பும் நாளில் அவற்றைத் தரவில்லை. “அதெல்லாம் உங்களுக்கு எதற்கு?” என்று கேட்டார்கள். நான்கு முறை நடந்து நகல் பெற்றேன். இன்று அது வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது. என் மூத்த மகளுக்கும் இருக்கும் இடத்தைச் சொல்லிவைத்திருக்கிறேன். வலியில்லாவிட்டாலும் மருத்துவர் குறித்த காலங்களில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். எலும்பு கரைவது தொடக்கத்தில் நோவு தருவதில்லை.

சில பழக்கங்களையும் மாற்றிக்கொள்ள நேரிடும். குந்தி அமர்வதையும் சப்பணமிடுவதையும் என் மருத்துவர் விலக்கச் சொன்னார். பந்து குழியைவிட்டு நழுவலாம் என்பதே காரணம். குவார்ட்டர்ஸில் மேனாட்டு முறைக் கழிப்பிடம் வைத்துக்கொண்டேன். சங்கப் பந்தியில் உங்களோடு தரையில் அமராமல் நான் மேசையைத் தேடுவது பெருமையால் அன்று என்பது இப்போது விளங்கியிருக்கும்.

அப்படியானால் அந்தப் பிள்ளை இப்போதே மாற்றிக்கொள்வதா, ஐம்பது வயதுவரை பொறுப்பதா? “முடிந்தவரை தள்ளிப்போடு” என்று எனக்கும் பலர் சொன்னார்கள். நானும் மூன்றாண்டு தள்ளினேன். அந்த மூன்றாண்டில் என் இளைய மகளை ஒரு நாளும் பள்ளிக்கு அழைத்துச் சென்றதில்லை. இரவில் புரண்டு படுக்க அஞ்சினேன். தசை இளைத்துக் கால் சூம்பிற்று. மூட்டின் ஆயுளைச் சேமிப்பதாக எண்ணி என் ஆயுளைச் செலவழித்துக்கொண்டிருந்தேன். நோவு மருந்துக்கு அடங்கி, நடக்கவும் உழைக்கவும் முடிந்தால் பொறுப்பது நன்று. உறக்கமும் வேலையும் கெட்டபின் பொறுப்பதால் இலாபம் இல்லை. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை நோயாளியும் தேர்ந்த மருத்துவரும் கலந்து முடிவு செய்யவேண்டும். அண்டை வீட்டார் முடிவு செய்யலாகாது. நானும் முடிவு செய்யலாகாது.

அம்மையார் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். தங்கையே, உங்கள் பிள்ளையின் புதிய மூட்டு நல்ல கையால், நல்ல பதிவுள்ளதாய் அமைந்தால், இருபது ஆண்டுகள் நடப்பான் என்று எதிர்பார்ப்பது பேராசை அன்று. அதற்கு மேலும் நடக்கலாம். பின்னொரு நாள் மற்றோர் அறுவை வரவும் கூடும். வந்தால், இன்று நீங்கள் வாங்கிவைக்கும் சீட்டு அன்றைய மருத்துவர்க்கு வழி காட்டும். அந்த இருபது ஆண்டும் அவன் வாழ்வில் மிக நல்ல இருபது ஆண்டுகள் என்பதை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனைக்குத் துணை வேண்டுமானால் நான் வருகிறேன், ஊன்றுகோலின்றியே வருகிறேன்.